பொரியலை மட்டும் நம்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், தட்டில் பாதி காய்கறியாக இருக்க வேண்டும் என்ற கட்டுரையைப் படித்தேன். சொன்னது சரிதான். ஆனால் பக்கத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ப்ராக்கோலி, சிவப்புக் குடைமிளகாய், மேலே இரண்டு ஆலிவ் பழம். காய் என்றாலே முகம் சுளிக்கிறவனிடம் இதைப் பச்சையாக மெல்லச் சொன்னால், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பரோட்டாக் கடைக்குத்தான் போவான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மெஸ் நடத்துகிறேன். சாப்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் படிக்கும் பையன்கள். யார் எதைத் தின்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எச்சில் வாளியை எட்டிப் பார்த்தாலே போதும். சோறு அதிகம் திரும்பாது. அப்பளம் திரும்பவே திரும்பாது. முட்டைக்கோஸ் பொரியல் அள்ளியபடியே வரும். சாம்பாரில் கிடந்த கத்தரிக்காய், கூட்டுப் புடலங்காய் எல்லாம் வரும். முருங்கைக்காய் மட்டும் ஒழுங்காகச் சக்கையாகி வந்து சேரும்.

இந்த வாளியிலிருந்து எனக்குத் தெரிந்தது இதுதான். பையன்கள் 'பிடிக்காது' என்று சொல்வது பெரும்பாலும் வெண்டைக்காயின் வழவழப்பை, கோஸ் வெந்த நாற்றத்தை, சுரைக்காயின் சொதசொதப்பை. காயின் ருசி அவர்கள் நாக்குக்கு எட்டுவதற்குள்ளேயே காரியம் கெட்டுவிடுகிறது. இதில் பாதிக் குற்றம் அடுப்படியில் நிற்கிற எங்களைச் சேர்ந்தது. பிடிக்காதவனைப் பிடித்து உட்காரவைத்து உபதேசம் செய்வதால் என்ன பயன்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் அந்தக் கணக்கில் சேராது. (இதை மெஸ்ஸில் சொன்னபோது ஒரு பையன், "அப்படியானால் நான் இதுவரை காயே சாப்பிட்டதில்லை அக்கா" என்றான்.) எங்கள் கரண்டியில் ஒரு கரண்டிப் பொரியலை நிறுத்தால் 50, 60 கிராம் தேறும். பழத்தை விட்டுவிட்டுப் பொரியலாலேயே கணக்கை முடிப்பதென்றால் ஏழு கரண்டியாவது உள்ளே போக வேண்டும். யார் பரிமாறினாலும் அது நடக்காது. காலை டிபனில் கொஞ்சம், குழம்பில் கொஞ்சம், துவையலில் கொஞ்சம், ராத்திரி அடை மாவில் கொஞ்சம் என்று பிரித்துத்தான் ஏற்ற வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் துவையல் என்பேன். அரைத்துவிட்டால் வழவழப்பும் இல்லை, நாரும் இல்லை, பல்லில் மாட்டுகிற விதையும் இல்லை. புளியும் மிளகாயும் பெருங்காயமும் முன்னே நின்றுகொள்ளும். காய் பின்னால் சத்தமில்லாமல் வரும். பீர்க்கங்காய், சவ்சவ், கோஸ், கத்தரிக்காய், வல்லாரை, பிரண்டை, எதையும் துவையல் ஆக்கலாம். பீர்க்கங்காயிலும் சவ்சவ்விலும் தோலைக்கூட எறிய வேண்டாம்.

ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் எங்களிடம் சாப்பிடுகிறான். சாம்பாரில் உள்ள சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவான். கறிவேப்பிலை அதற்கு அடுத்த வரிசை. தக்காளித் தோலுக்குத் தனி இடம். அவனுக்கு ஒரு நாள் சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பீர்க்கங்காய்த் துவையலை உருட்டி வைத்தேன். பிசைந்து சாப்பிட்டான். இரண்டாவது உருண்டை கேட்கும்போதுதான், "இது என்ன அக்கா?" என்றான். பீர்க்கங்காய் என்றேன். கை நின்றது. தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பரவாயில்லை, வையுங்கள்" என்றான்.

கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒளித்து ஒளித்து ஊட்டினால், என்றைக்காவது குட்டு வெளிப்படும். பிறகு தேங்காய்ச் சட்னியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிடுவார்கள்.

அடுத்து, வழக்கமாக ஒதுக்கப்படும் காய்கள். வெண்டைக்காயை முழுதாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு அரிய வேண்டும். வாணலியை மூடக் கூடாது. உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். வதங்கும்போது ஒரு கரண்டிப் புளித்தண்ணீரோ கெட்டித் தயிரோ விட்டால் வழவழப்பு அடங்கிவிடும். கோஸில் உள்ள கந்தகச் சத்துதான் நாற்றத்துக்குக் காரணம். வேகவேக நாற்றம் கூடும். ஆகவே மெல்லியதாக அரிந்து, தண்ணீர் ஊற்றாமல், பெரிய தீயில் கடுக்கென்று இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். கல்யாண வீட்டுக் கோஸ் பொரியலை எல்லாரும் சாப்பிடுவதற்கும் விடுதிப் பொரியலை யாரும் தொடாததற்கும் வேறு ரகசியம் இல்லை. பீட்ரூட்டில் மண் வாடை வருகிறது என்பார்கள். வாஸ்தவம், மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளேதான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. தோலைச் சற்று ஆழமாகச் சீவிவிட்டு, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் வாடை குறையும். துருவித் தயிர்ப்பச்சடி செய்தால் நிறத்துக்காகவே ஒரு கை கேட்கிறார்கள்.

சுரைக்காயைத் துருவி அடை மாவில் கலந்துவிடுங்கள். அடையும் மெத்தென்று இருக்கும். ஒரு எச்சரிக்கை: சுரைக்காயோ பீர்க்கங்காயோ அரிந்தவுடன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயோடு குப்பையில் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. சுரைக்காய்ச் சாறு குடிக்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பாகற்காயைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைச் சாப்பிட வைத்தால்தான் வெற்றி என்று சில தாய்மார்கள் பந்தயம் கட்டியதைப்போல் நிற்கிறார்கள். சந்தையில் அத்தனை காய் இருக்க, காய் பிடிக்காத பிள்ளைக்கு முதல் பாடம் பாகற்காயா?

எங்கள் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே இதற்கெல்லாம் வழி இருக்கிறது. கூட்டாஞ்சோறு என்று ஒன்று உண்டு. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய், கைநிறைய முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில். தேங்காய், சீரகம், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி, புளிவிட்டு, குழைய இறக்குவது. தொட்டுக்கொள்ள வடகம். காயைத் தனியாகப் பொறுக்கி எடுக்க வேண்டுமென்றால் சோற்றையே விட்டுவிட வேண்டியதுதான். தேங்காய்ப்பாலில் செய்யும் சொதியும் அப்படித்தான். பீன்ஸ், கேரட், பட்டாணி, முருங்கைக்காய் எல்லாம் அதில் மிதக்கும். எலுமிச்சைப் புளிப்புக்கும் இஞ்சித் துவையலுக்கும் மயங்கி, யாரும் அவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. என் மெஸ்ஸில் இந்த இரண்டும் போடுகிற நாளில் வாளி லேசாக இருக்கும்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு. புதுக் காயை முதல் தடவை துப்பினால் உடனே 'இவனுக்குப் பிடிக்காது' என்று தாய்மார்கள் முத்திரை குத்திவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்டு, நாக்கில் பட்ட பிறகே பல குழந்தைகள் ஒரு காயை ஏற்றுக்கொள்ளும் என்பது ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்வது. ஒரு விரல் அளவு வையுங்கள், தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம். அடுத்த வாரம் மறுபடி வையுங்கள். முக்கியமாக, அப்பா காயை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளையைத் தின்னச் சொல்லக் கூடாது.

காய் விலை ஏறிக் கிடக்கும்போது இதெல்லாம் பேச்சா என்று சிலர் கேட்கலாம். நான் மகாராஜநகர் உழவர் சந்தைக்கு விடிகாலையிலேயே போய்விடுவேன். எது மலிவோ அதுதான் அன்றைய காய். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிகிற வெண்டைக்காயும், குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் கிடந்து வாடிய வெண்டைக்காயும் ருசியில் ஒன்றல்ல. காய் பிடிக்காது என்கிறவர்களில் பலர் நல்ல காயைச் சாப்பிட்டே பார்த்ததில்லை என்பது என் சந்தேகம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். வாரா வாரம் சாலட் படம் போடும் இடத்தில், அந்த வாரம் சந்தையில் மலிந்த காய் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் பிடிக்காதது எது, அதை எப்படிப் போக்குவது என்று நான்கு வரி போடுங்கள். சமையல் தெரியாமல் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் செய்யும்படி இருக்கட்டும். முதல் வாரத்துக்கு என் பங்கு இதோ:

நடுத்தரமான பீர்க்கங்காய் ஒன்று. நரம்பை மட்டும் சீவிவிட்டுத் தோலோடு அரிந்துகொள்ளவும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நான்கு வற்றல் மிளகாய், சிறிது பெருங்காயம் சிவக்க வறுத்து எடுத்துவைக்கவும். அதே வாணலியில் பீர்க்கங்காயைப் போட்டு, அது விடும் தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்கவும். இங்கே அவசரப்பட்டால் துவையல் சட்னியாகிவிடும். ஆறியதும் வறுத்த மிளகாய், பெருங்காயம், கோலிக்குண்டு அளவு புளி, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் சேர்த்துத் தண்ணீர்விடாமல் அரைக்கவும். வறுத்த பருப்பைக் கடைசியில் போட்டு ஒரே சுற்று. கொரகொரவென்று இருக்க வேண்டும். மூன்று பேருக்குக் காணும்.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் வாசகி,
பாளையங்கோட்டை.