மேடையில் யார் பேசுவது? குடிமை உரிமைக் கலந்துரையாடல்களுக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இன்றைய குடிமை உரிமைப் பிரச்சினைகளைப் பற்றித் தமிழில் பொதுக் கலந்துரையாடல்கள் நடத்திவருகிறோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டுவிட்டோம். நடத்தப் பணம் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். பணம் எதற்கு, யார் கைக்குப் போகிறது, ஏன் பலரிடம் சிறுகச் சிறுகக் கேட்கிறோம் என்பதையும் விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஒரு வழக்கு. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். அரசியல் தலைவர் ஒருவரின் மறைவையொட்டி மும்பை முடங்கியதைப் பற்றி ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தார். இன்னொருவர் அதற்கு லைக் போட்டிருந்தார். அவ்வளவுதான். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அவர்கள்மேல் பாய்ந்தது. ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24 அன்று, அந்தப் பிரிவே அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் ரத்து செய்தது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் செத்துப்போன அந்தப் பிரிவின் கீழ்ப் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் மறுபடியும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2021 ஜூலையில் விசாரணைக்கு வந்தபோது நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். சட்டப் புத்தகத்தில் 66ஏ அப்படியே அச்சாகியிருக்கிறது, ரத்தான விவரம் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர் விளக்கினார். 66ஏ பிரிவின் கீழ் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் உத்தரவு போட வேண்டிவந்தது.

இடையில் ஏழு ஆண்டுகள். நீதிமன்றம் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தச் சேதிதான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. காவல் நிலையத்தில் உட்காரவைக்கப்பட்ட பையனுக்கோ அவனைத் தேடி ஓடிவந்த அம்மாவுக்கோ, “அந்தப் பிரிவுதான் இப்போது இல்லையே சார்” என்று சொல்லத் தெரிந்திருந்தால், சில வழக்குகளாவது வாசலிலேயே நின்றிருக்கும். அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைத்தான் நாங்கள் கையில் எடுத்திருக்கிறோம்.

இதுவரை வராதவர்களுக்காக, எங்கள் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறோம். மேடையில் நான்கு நாற்காலிகள். ஒன்றில் அந்தச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த வழக்கறிஞர். இன்னொன்றில் அதை ஆராய்ந்தவர் அல்லது களத்திலிருந்து செய்தி எழுதியவர். மூன்றாவது நாற்காலி அந்தப் பிரச்சினையில் அடிபட்டவருக்கு. அவர் வர முடியாவிட்டால் நிகழ்ச்சியைத் தள்ளிவைப்போமே தவிர, அவர் இல்லாமல் நடத்துவதில்லை. நான்காவது, நெறியாளருக்கு. முதல் ஒரு மணி நேரம் அவர்கள் பேசுவார்கள். அடுத்த ஒரு மணி நேரம் முழுக்கக் கேள்விகளுக்கு. பேச்சு நீண்டுவிட்டது என்பதற்காகக் கேள்வி நேரத்தில் கைவைக்க நெறியாளருக்கு அனுமதி இல்லை.

மைக் ஒன்று சுற்றிவரும். ஆனால் எழுந்து நின்று கேட்க எல்லோராலும் முடியாது. அதனால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் வைக்கிறோம். பெயர் எழுத வேண்டாம், நெறியாளர் வாசித்துவிடுவார். “விசாரணைக்கு என்று சொல்லித் தம்பியைக் கூட்டிப்போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, யாரிடம் போய்க் கேட்பது?” என்பது மாதிரியான கேள்விகள் மைக்கில் வரவே வராது. சீட்டில்தான் வரும். கேமராவும் மேடையைப் பார்த்துத்தான் நிற்கும். பார்வையாளர் பக்கம் திரும்பாது.

அப்படியொரு சீட்டு வந்தால் வழக்கறிஞர் இந்திய அரசமைப்பின் 22ஆவது உறுப்பிலிருந்து தொடங்குவார். கைது செய்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும். அப்புறம், 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள்: கைது செய்யும் காவலரின் பெயரும் பதவியும் தெரியும்படி பட்டை இருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சீட்டில் எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியாது. ஆனால் அதே கவலையோடு வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிடும். இந்தப் பதில்களை எல்லாம் நான்கு பக்கக் கையேடாக எளிய தமிழில் அச்சிட்டு வாசலில் கொடுக்கிறோம்.

சரி, பணத்துக்கு வருவோம்.

அரங்க வாடகை, ஒலிபெருக்கி, அச்சுச் செலவெல்லாம் நீங்கள் ஊகிக்கக்கூடியவைதான். எங்கள் செலவில் பெரிய பங்கு அவற்றுக்குப் போவதில்லை, அந்த மூன்றாவது நாற்காலிக்குப் போகிறது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் மாலையில் வந்து பேசிவிட்டுப் போனால் அவருக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் கணவரை இழந்த ஒரு பெண் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அன்றைய கூலி போகும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரவு தங்கினால் மறுநாள் கூலியும் போகும். மனிதரைக் கொண்டு மலக்கழிவு அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதை வழக்கறிஞர் சொல்லிவிடுவார். இந்த வேலையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், கழிவுநீர்ச் சாக்கடை மரணங்களுக்கு 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியதையும் அவரே சொல்வார். மரணத்துக்கான காரணம் காகிதத்தில் எப்படி எழுதப்பட்டது, ஒப்பந்ததாரர் வீட்டுக்கு வந்து என்ன பேரம் பேசினார், கோப்பு எந்த மேசையில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதை அந்தப் பெண்தான் சொல்ல முடியும். இலவசமாக வரக்கூடியவர்களை மட்டும் கூப்பிட்டால், அவர் ஒருநாளும் மேடைக்கு வரமாட்டார். அவரைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்போம்.

அதனால் மேடையில் உட்காரும் எல்லோருக்கும் ஒரே அளவு மதிப்பூதியம் என்று வைத்திருக்கிறோம். மூத்த வழக்கறிஞருக்கும் அதேதான், துப்புரவுத் தொழிலாளிக்கும் அதேதான். வேண்டாம் என்று திருப்பித் தருகிறவர்கள் நன்கொடையாகத் திருப்பித் தரலாம். பற்றுச்சீட்டு போட்டு வாங்கிக்கொள்வோம். போக்குவரத்துச் செலவும் தங்கும் செலவும் குழுவுடையவை. இழந்த கூலியைத் தனியாக ஈடுசெய்கிறோம். இதில் எந்தக் குறைப்பும் செய்ய எங்களுக்கு மனமில்லை. பணம் போதாமல் போனால் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைப்போம்.

அடுத்த பெரிய செலவு சைகை மொழிபெயர்ப்பு. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கவனம் தளர்ந்து மொழிபெயர்ப்பில் பிழை வந்துவிடும். பேச்சை உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் காட்டவும் ஆள் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தபோது, சட்டம் ஏற்கும் குறைபாடுகளின் பட்டியல் ஏழிலிருந்து இருபத்தொன்றாக நீண்டது. கட்டடங்களையும் போக்குவரத்தையும் எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ராதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதைப் பற்றிக் கலந்துரையாடல் நடத்திவிட்டு, அரங்கு வாசலில் சக்கர நாற்காலி ஏற முடியாத மூன்று படி இருந்தால் அந்தக் கூட்டத்துக்கு என்ன பொருள்? வாடகை கூடினாலும் சாய்தளம் உள்ள அரங்கைத்தான் எடுக்கிறோம்.

அடுத்த ஆண்டுத் தலைப்புகளில் எங்களுக்கு அதிகம் கவலை தருவது முகத்தைக் கண்டறியும் கேமராக்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வெளிறிய நிறமுள்ள ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருத்த நிறமுள்ள பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. ஆளை அடையாளம் காட்டும் மென்பொருளைக் காவல்துறை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகில் 2020 ஜனவரியில் நடந்தது சாட்சி. கடைத் திருட்டு ஒன்றில் மென்பொருள் தவறாகக் காட்டிய ஒரு கறுப்பினத்தவரை, மனைவியும் மகள்களும் பார்க்க, வீட்டு வாசலிலேயே விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பொது இடங்களில் உடனுக்குடன் முகத்தை அடையாளம் காணக் காவல்துறைக்குத் தடை போட்டிருக்கிறது, விலக்குகளும் வைத்திருக்கிறது. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தெருமுனைக் கேமராவை அந்த அளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கும்? இதைப் பேச ஒரு மாலை போதாது என்று நினைக்கிறோம், இரண்டு ஒதுக்கியிருக்கிறோம்.

இணைய முடக்கத்துக்கும் ஒரு மாலை. முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் வந்த தீர்ப்பிலிருந்து அது தொடங்கும். கைது நேரத்து உரிமைகள், துப்புரவுத் தொழிலாளர் உரிமைகள் ஆகியவை மறுபடியும் வருகின்றன, ஏனென்றால் அவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

ஏன் பலரிடம் கேட்கிறோம்? ஒரே இடத்திலிருந்து பெரிய தொகை வாங்கினால் வேலை சுலபம். ஆனால் இன்ன தலைப்பு வேண்டாமே, இன்னாரைக் கூப்பிடாமல் இருக்கலாமே என்ற பேச்சு அதோடு கூடவே வரும். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நாங்களே யோசிக்கத் தொடங்கிவிடுவோம். அதனால் யாரிடமிருந்தும் ஆண்டுச் செலவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதில்லை என்று விதி வைத்திருக்கிறோம். கட்சிகளிடமிருந்தும் தேர்தலில் நிற்பவர்களிடமிருந்தும் வாங்குவதே இல்லை. பணம் தந்தவருக்கு மேடையில் இடமோ தலைப்பில் குரலோ கிடையாது.

இப்படி நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மாண்ட்கோமரி நகரத்தைச் சொல்வோம். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள், நிறத்தைப் பார்த்து இருக்கை பிரித்த அந்த நகரப் பேருந்துகளைக் கறுப்பின மக்கள் புறக்கணித்தார்கள். வேலைக்குப் போய்வர மாற்று வண்டிகள் ஓட வேண்டும், பெட்ரோலுக்குப் பணம் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் பெண்களைத் திரட்டினார். வீட்டில் சாப்பாடும் கேக்கும் செய்து விற்று, வந்த பணத்தைப் பொதுக்கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் யார் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் அந்தக் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராத மன்றம்’ என்று பெயர் வைத்தார் கில்மோர். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். புறக்கணிப்பு தொடர்பான வழக்கில் சாட்சி சொன்னதற்காக அவருக்கே வேலை போயிற்று. அதன் பிறகும் சமைத்துக்கொண்டேதான் இருந்தார். 1956 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மக்கள் பக்கம் வந்தது. பிற்பாடு 1958இல், ஓர் உரிமை இயக்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கொடு என்று அலபாமா மாநில அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது.

எங்கள் கணக்கு வழக்கு இப்படி. ஒவ்வொரு நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. ஆண்டு முடிவில் தணிக்கை செய்த வரவுசெலவை, எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்து, எல்லோரும் பார்க்க வெளியிடுவோம். கொடுத்தவர் பெயரை அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே போடுவோம். எவ்வளவு சிறிய தொகையானாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். மாதாமாதம் கொஞ்சம் தருகிறவர்கள் இருந்தால் எங்களுக்குத் திட்டமிட இன்னும் வசதி. குழுவின் வங்கிக் கணக்கு விவரத்தை உறுப்பினர் யாரிடமும் கேட்டுப் பெறலாம்; தனிநபர் கணக்குக்குத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். கூட்டத்தன்று பொருளாளரிடம் நேரிலும் தரலாம்.

பணம் தர முடியாதவர்கள் தீர்ப்புகளை எளிய தமிழில் சுருக்கித் தரலாம், பதிவுகளை எழுத்தாக்கித் தரலாம், சைகை மொழி தெரிந்தவர்களை அறிமுகப்படுத்தலாம். முக்கியமாக, மூன்றாவது நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அவரை எங்களிடம் சொல்லுங்கள். அவருடைய சம்மதம் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

முதல் கலந்துரையாடலின் அரங்கத்துக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. தருவதாக நினைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கலந்துரையாடல் ஒருங்கிணைப்புக் குழுவினர்