யார் தட்டில் நேற்றைய குழம்பு?

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமு,

உன் முட்டுவலி எப்படி இருக்கு, அண்ணாச்சி நடக்கப் போறாகளா, சின்னவனுக்குப் பெண் அமைஞ்சுதா, மூணுக்கும் பதில் போடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். போன்லயே பேசியிருக்கலாம். ஆனா போன்ல நீ என்னை எங்க பேச விடுதே? அதான் காகிதத்தை எடுத்தேன்.

மகள் லீவுக்கு வந்திருந்தா. ஒரு மத்தியானம் எல்லாருக்கும் பரிமாறிட்டு நானும் தட்டை வச்சு உட்கார்ந்தேன். அவ என் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. "எங்களுக்கெல்லாம் முருங்கைக்காய் சாம்பார், உனக்கு மட்டும் என்னம்மா கறுப்பா இருக்கு?"ன்னு கேட்டா. முந்தாநாள் வச்ச புளிக்குழம்பு. கொட்ட மனசு வருமா? அவ அப்பா சிரிச்சாக. அவ சிரிக்கல. "எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து நீ வேற சாப்பாடுதான் சாப்பிடுதே"ன்னுட்டு கை கழுவப் போயிட்டா.

ஏளா, உங்க அம்மை, எங்க அம்மை, எங்க அத்தை, இதுல யார் தட்டுல முதல் சோறு விழுந்து நாம பார்த்திருக்கோம்? சட்டியில ஒட்டினது, காலையில மிஞ்சின இட்லி, பிள்ளை பாதி கடிச்சு வச்ச தோசை. இதுக்குச் சிக்கனம்னு ஒரு நல்ல பேரு வேற. இவுக அன்னைக்குச் சாயங்காலமே பேப்பர்ல இருந்து வாசிச்சுக் காட்டினாக: ஐ.நா.வோட 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாப் போச்சாம், அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்தாம். "நம்ம வீட்டுல ஒண்ணும் வீணாகல பார்த்தியா"ன்னாக. என் வயித்துக்குள்ள போனதை எந்த டன்னுல சேர்ப்பாகன்னு கேட்டேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டாக.

அப்புறம்தான் சுண்டக்கறி ஞாபகம் வந்துது. பொங்கலுக்கு வச்ச சாம்பார், அவியல், கூட்டு, பொரியல் எல்லாத்தையும் ஒரே மண்சட்டியில கொட்டி, சின்னத் தீயில தண்ணி வத்துற வரைக்கும் சுண்ட விட்டு, மறுநாள் பழைய சோத்துக்குத் தொட்டுக்கிடுவோமே. அதுவும் மிச்சம்தானே? ஆனா அதுக்கு வீடே காத்துக் கிடக்கும். ஆம்பளைங்க முதல் ஆளா சட்டியை வழிப்பாக. எல்லார் இலையிலும் விழுந்தா அது பலகாரம் மாதிரி. அம்மை தட்டுல மட்டும் விழுந்தா அது பழசு. எனக்கு இப்ப இந்த நியாயம்தான் மண்டைக்குள்ள ஓடுது.

அதனால வீட்டுல சட்டம் போட்டாச்சு. மிஞ்சினது எதுவா இருந்தாலும் வேற உருவத்துல எல்லாருக்கும் வரும், இல்லன்னா யாருக்கும் இல்ல. துவரம்பருப்பை உப்பு, புளி சேர்க்காம ஒரு கை கூடவே வேக வச்சு, பாதியை எடுத்து ஃப்ரிட்ஜுல வச்சிடுதேன். இன்னைக்குச் சாம்பார், நாளைக்கு ரசம். வெங்காயம் தக்காளியை ஞாயித்துக்கிழமை மொத்தமா வதக்கி, ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு ஃப்ரீசர்ல வச்சுட்டா, குருமாவோ முட்டைக் குழம்போ வைக்க அடுப்படியில ரொம்ப நேரம் நிக்க வேண்டாம். பீன்ஸ், முட்டைக்கோஸ் பொரியல் மிஞ்சினா அடை மாவுக்குள்ள போயிரும். கெட்டியான சாம்பாரை ஊத்திச் சப்பாத்தி மாவு பிசைஞ்சு பாரு, தொட்டுக்கத் தயிர் போதும். மாவு புளிச்சா வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பணியாரம். இட்லி உப்புமாவுக்கு மட்டும் இட்லி ஃப்ரிட்ஜுல ஆறிக் கிடக்கணும். சூட்டோட உதிர்த்தா களி கிண்டின மாதிரி ஆயிரும்.

நம்ம விடுதி ஞாபகம் வருதா? ஞாயித்துக்கிழமை கூட்டு திங்கக்கிழமை சாம்பார்ல நீந்துமே. வார்டனம்மாவை நாம ரொம்பத்தான் திட்டிட்டோம்.

எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நினைச்சிராதே. சொதி அன்னைக்கே தீரணும், மறுநாள் கொதிக்க வச்சா தேங்காய்ப்பால் திரிஞ்சு போகும். தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான், மணம் மாறினா கொட்டிரு. சோத்து விஷயத்துல மக பெரிய பாடமே எடுத்தா. வடிச்ச சோத்தை வெளியிலயே மணிக்கணக்கா வச்சா பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி பெருகுமாம். அதோட வித்து சோறு வேகும்போதும் சாகாதாம். அது விடுற ஒரு நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாதாம். "கொதிக்க வச்சா எல்லாம் சரியாயிரும்"னு எங்க அத்தை சொன்னதை நான் வேதவாக்கா வச்சிருந்தேன்! இப்ப மிஞ்சின சோத்தை அகலத் தட்டுல பரப்பி, ஆவி அடங்கினதும் மூடி உள்ளே வச்சிடுதேன். மறுநாள் எலுமிச்சஞ்சாதமோ முட்டைச் சாதமோ, அதுக்கு மேல நாள் கடத்துறது இல்ல.

இவுகளைப் பத்திச் சொல்லாம முடியுமா? ஒரு நாள் சப்பாத்தியைப் பிச்சுப் போட்டு, முட்டை ஊத்திக் கொத்தினாக. அதுல இருந்து பக்கத்து வீட்டு ஆளுககிட்ட எல்லாம் 'கிச்சன் என் கையில'ன்னு பேச்சு. கரண்டி பிடிச்சது ஒரு கை, கழுவப் போட்ட பாத்திரம் ஒரு மலை. இருந்தாலும் தட்டை எடுத்து முதல்ல எனக்கு வச்சாக, கோமு. என்னன்னு தெரியல, எனக்குக் கோவம்தான் வந்துது. இத்தனை வருஷம் இது எங்க போச்சுன்னு.

நீ என்ன சாப்பிடுதேன்னு ஒழுங்கா எழுது. "எனக்கென்ன, இருக்கதைச் சாப்பிடுவேன்"னு எழுதினா கிழிச்சுப் போட்டிருவேன். பொங்கல் மறுநாள் இங்க வந்திரு, சிறுகிழங்கு வாங்கி வைக்கேன். அண்ணாச்சியையும் கூட்டிட்டு வா, தேங்காய் துருவ ஆள் வேணும்.

உன்
செல்லம்