மாலை ஆறு மணிக்கு மேல்

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற பகுதியை இவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தறிப் பட்டறையைச் சின்னவன்தான் பார்த்துக்கொள்கிறான். இருந்தாலும் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை இவர் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலைக் காற்றாடி சுற்றுகிறது, உங்கள் ஊரில் மாடிக்கு மாடி சோலார் போடுகிறார்கள், அப்புறமும் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எதற்குக் கரி எரிக்கிறீர்கள்?" என்று. இயற்பியல் நடத்தியே காலத்தைக் கழித்தவளிடம் கேட்டிருக்கிறாய். இரண்டு வரியில் முடிக்க மனசு வரவில்லை, பொறுமையாகப் படி.

முதலில் எங்கள் மாடிச் செய்தி. நாங்களும் சோலார் போட்டுவிட்டோம், 3 கிலோவாட். மத்திய அரசின் சூர்யா கர் என்ற மாடி சோலார் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரைக்கும் கிடைக்கிறது. ஆனால் மாசி, பங்குனியில் வந்த அளவு அக்னி நட்சத்திரத்தில் வரவில்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. தகடு காயக் காய உற்பத்தி இறங்கிக்கொண்டே போகும். சித்திரை மாத மத்தியானத்தில் எங்கள் மாடித் தகட்டில் கை வைக்க முடியாது. தெருப் புழுதி வேறு. வெயில் ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுவேன்.

கரண்ட் போனால் எங்கள் வீட்டிலும் போய்விடும், தெரியுமா? "மாடி நிறைய தகடு வெச்சிருக்கீங்க, ஃபேன் சுத்தலையே" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். லைன்மேன் கம்பத்தில் ஏறி நிற்கும்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் பாய்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் லைனில் மின்சாரம் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். பேட்டரி சேர்த்தால் அந்த நேரத்திலும் வீட்டுக்கு மட்டும் ஓட்டலாம், ஆனால் செலவு ஏறிவிடும். இதைச் சொன்ன பிறகு அந்த அக்காவும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பகலில் எங்கள் உபரி மின்சாரம், போவதையும் வருவதையும் கணக்கிடும் நெட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மாடி நின்றுவிடும். எங்கள் தெருவுக்குக் கரண்ட் அதிகம் வேண்டியிருப்பது அதற்கு அப்புறம்தான். ராத்திரி ஷிப்ட் தறி, வீட்டுக்கு வீடு லைட், டிவி, கிரைண்டர், இப்போது ஏசியும் சேர்ந்துகொண்டது. பத்து மணி வரைக்கும் இதே நெருக்கடிதான். மேட்டூரில் கரி எரிவதற்கு முக்கியமான காரணம் இந்த நாலு மணி நேரமும் அதைத் தொடர்ந்து வரும் ராத்திரியும்.

உங்கள் காற்று இருக்கிறதே என்பாய். இருக்கிறது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட்டுக்கு மேல் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த காற்று அது, ராத்திரியிலும் வீசுகிறது. ஆனால் வைகாசியில் எழுந்து புரட்டாசியோடு தணிந்துவிடும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை உச்சத்தில் இருந்தது, காற்று சீசன் இன்னும் சூடுபிடிக்கவில்லை. மேட்டூர் அணையிலும் மின்சாரம் எடுக்கிறார்கள், ஆனால் தண்ணீர் திறப்பது டெல்டாப் பாசனத்துக்காக. நமக்குக் கரண்ட் வேண்டும் என்பதற்காக ஷட்டரைத் தூக்க முடியாது.

மிச்சம் இருப்பது அனல்மின் நிலையம்தான். மொத்தம் 1,440 மெகாவாட். 210 மெகாவாட் உற்பத்தி யூனிட் நாலு, 600 மெகாவாட் உற்பத்தி யூனிட் ஒன்று. அந்த நாலும் 1987-க்கும் 1990-க்கும் இடையில் ஓட ஆரம்பித்தவை. ஒடிசாவில் வெட்டிய கரி கப்பலேறி, ரயிலேறி இங்கே வருகிறது. எரிந்த பிறகு சாம்பல் மட்டும் எங்கள் மாவட்டத்திலேயே தங்கிவிடுகிறது. சிமெண்டுக்கும் செங்கலுக்கும் கொஞ்சம் போகிறது, மிச்சம் சாம்பல் குட்டையில் சேர்கிறது. 2024 டிசம்பரில் அங்கே கரி சேமிக்கிற பங்கர் சரிந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி தறிச் சத்தம் காதில் விழ விழ எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தச் சத்தத்துக்கும் அவர்கள் வேலைக்கும் நடுவில் ஒரு கம்பிதான் இருக்கிறது.

கரி போக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய நாலு யூனிட்டுகள் முதலில் போகட்டும். ஆனால் எந்த வருஷம் எது மூடப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மூட வேண்டும். நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்றல் ஆர்டர் கிடையாது. கரி ரயிலை நம்பி இருப்பவர்கள், சாம்பல் செங்கல் பட்டறை வைத்திருப்பவர்கள், நிலைய வாசலில் டீக்கடை போட்டிருக்கும் குடும்பங்கள், இவர்களைப் பற்றி எந்தக் கட்சியும் மேடையில் பேசி நான் கேட்கவில்லை. மூடுவேன் என்று சொல்பவர்களும் பேசவில்லை, மூடக் கூடாது என்பவர்களும் பேசவில்லை.

மின்சார அரசியல் என்றால் விலையும் இலவசமும்தான் என்று நினைக்கிறோம். எனக்கு அது நேரத்தின் அரசியலாகத்தான் படுகிறது. யாருக்கு எந்த நேரம் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 2012 உனக்கு நினைவிருக்கும். சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் கட், நம் ஊர்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். எங்கள் தெருவில் தறியை எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

விவசாயிகளுக்கு நடந்தது அதைவிடப் பழைய கதை. மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் போராடிய காலத்தில், 1972-இல், எங்கள் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கடைசியில் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இலவசம் வந்ததே தவிர நேரம் அவர்கள் கையில் வரவில்லை. மோட்டார் ஓட வேண்டிய மும்முனை மின்சாரத்தை ஷிப்ட் வைத்துத்தான் விட்டார்கள். வாழப்பாடிப் பக்கம் எங்கள் சித்தப்பா தோட்டத்தில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடுராத்திரி டார்ச்சும் தடியுமாக வரப்பில் போய் மடை மாற்றுவார். பாம்புக்குப் பயந்து சித்தி தூங்காமல் உட்கார்ந்திருப்பார். பிறகு ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது. கரண்ட் வந்ததும் மோட்டார் தானே எடுத்துக்கொள்ளும். நிம்மதிதான். ஆனால் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எடுத்தால் வோல்டேஜ் படுத்துவிடும், மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். தோட்டம் தளும்பி வழிந்து தண்ணீரும் வீணாகும்.

இப்போது பார், வெயில் இருக்கும் நேரத்தில்தான் மலிவான மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது. பம்புசெட்டுகள் முழுவதையும் பகலுக்கு மாற்றிவிட்டால் சித்தப்பா மாதிரி ஆட்கள் ராத்திரி வீட்டில் தூங்கலாம், மேட்டூரின் ராத்திரிச் சுமையும் குறையும். தனித்தனி சோலார் பம்புக்கு நல்ல மானியம் தருகிறார்கள். கிணற்றுப் பாசனத்துக்கு அது சரி. எங்கள் மாவட்டத்தில் ஆயிரம் அடி போர்வெல் சாதாரணம், அந்த ஆழத்துக்கு அது இழுக்காது. துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சோலார் நிலையம் போட்டு தோட்டங்களுக்குப் போகும் தனி மின்பாதையான விவசாய ஃபீடரைப் பகலில் மட்டும் ஓட்டுவதுதான் இங்கே பொருந்தும். பகலில் தாராளமாகக் கொடுத்தால் நிலத்தடி நீர் இன்னும் கீழே போகும் என்று சொல்கிறார்கள். நியாயமான பயம். அதற்காக ராத்திரி பாம்புக்கு நடுவே அனுப்புவது வழியாகாது. சொட்டுநீர்ப் பாசனத்தோடு சேர்த்துக் கொடுக்கட்டும்.

தறிக்காரர்கள் விஷயம் இன்னும் சிக்கல். 2023-இலிருந்து விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அது இல்லாவிட்டால் சிறு தறிக்காரர் எழுந்து நிற்க முடியாது, நான் அதில் கைவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் ஓட்டினாலும் ராத்திரியில் ஓட்டினாலும் ஒரே கணக்கு என்கிறபோது பகலுக்கு மாற அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? 2023-இல் மத்திய அரசு விதி ஒன்று கொண்டுவந்தது. சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு குறைவு, உச்ச நேரத்தில் அதிகம். நேரவாரியாகக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வைத்த பிறகு விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் அது பொருந்தும் என்கிறது. பகலில் குறைக்கிற பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. சாயங்காலம் ஏற்றுகிற பாதி, வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து அடுப்பையும் கிரைண்டரையும் பார்க்கிற பெண்ணின் தலையில் விழும். குறைந்த யூனிட் செலவழிக்கும் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும்.

மின்கம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் காற்றும் ராமநாதபுரத்து வெயிலும் இங்கே வர உயர்மின் கோபுரங்கள் வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் பாதை போட்டபோது எங்கள் மேற்கு மாவட்டங்களில் விவசாயிகள் தோட்டத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி நிலத்துக்குள் நுழைந்தார்கள் என்பதுதான் அவர்களுடைய பெரிய ஆதங்கம். நிலம் உன் பெயரிலேயே இருக்கும், கம்பிக்கு அடியில் தென்னை வைக்க முடியாது, விற்கப் போனால் பாதி விலை. செல்போன் டவருக்கு மாத வாடகை கொடுப்பதுபோல இதற்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க வந்த சமயத்தில் இங்கே நடந்ததைப் பார்த்தவர்கள், 'நாட்டுக்கு நல்லது' என்ற ஒரு வார்த்தையை நம்பி நிலம் கொடுக்க மாட்டார்கள்.

போன மாதம் ஏற்காடு போயிருந்தோம். சேர்வராயன் கோயில் பக்கம் நின்றால் சிவந்த மண் தெரிகிறது. ஒரு காலத்தில் இந்த மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் உருக்கினார்கள். அது நின்று பல வருஷம் ஆகிறது. உயர்மின் கம்பியும் அலுமினியம், என் மாடித் தகட்டின் சட்டமும் அலுமினியம். எங்கேயோ ஒரு மலையை வெட்டித்தான் அதுவும் வருகிறது. மேலே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் பகலெல்லாம் விலகாதாம். சோலாரை மட்டும் நம்பி அங்கே இருக்க முடியாது. காற்றடித்தால் சவுக்கு மரம் கம்பிமேல் விழுந்து ஊரே இருட்டாகிவிடும் என்றார். மலைக் கிராமங்களுக்குப் பேட்டரியோடு சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

எனக்கு உற்சாகம் கொடுத்தது ஒரு சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை. ஆத்தூர்ப் பக்கம் இவருடைய உறவுக்காரர் நடத்துகிறார். குச்சிக்கிழங்கைக் கழுவி அரைத்த கழிவுநீர் முன்பெல்லாம் ஓடையில் கலந்து ஊரே நாறும். இப்போது அதைப் பெரிய குட்டையில் விட்டுக் கறுப்பு ஷீட்டால் மூடியிருக்கிறார்கள். அடியில் வாயு சேர்ந்து ஷீட் மேலே உப்பி நிற்கிறது. அதை எஞ்சினுக்குக் கொடுத்து மில்லுக்குக் கரண்ட் எடுக்கிறார்கள். வேண்டிய நேரத்தில் எடுக்கலாம், ராத்திரியிலும் எடுக்கலாம், அதுதான் இதில் விசேஷம். உங்கள் காற்று தணிந்த பிறகுதான் இங்கே கிழங்கு வெட்டு மும்முரமாகும். ஒரு மாவட்டத்துச் சேகோ மில்லெல்லாம் சேர்ந்தாலும் மேட்டூருக்கு ஈடாகாது, தெரியும். ஆனால் நாலு மணி நேரத்தை நிரப்ப ஒரே ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தால் முடியவே முடியாது. பேட்டரி கொஞ்சம், காடம்பாறை மாதிரி தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் திறக்கும் நிலையங்கள் கொஞ்சம், இந்த வாயு கொஞ்சம், பகலுக்கு மாறிய பம்புசெட் கொஞ்சம் என்று சேர்க்க வேண்டும்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அடுத்து எப்போது கட்டணம் பற்றிக் கருத்துக் கேட்டாலும் நான் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். விசைத்தறிக்குப் பகல் சலுகை, சின்ன வீடுகளுக்கு மாலைக் கட்டண விலக்கு, விவசாய ஃபீடருக்குப் பகல் மின்சாரம், மேட்டூர்த் தொழிலாளர்களுக்கு மூடும் தேதியை முன்கூட்டியே சொல்வது. சின்னவன் தறிக்காரர் சங்கத்தில் பேசிக் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறான்.

உன்னிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். உங்கள் பக்கம் முப்பந்தலில் பழைய சின்னக் காற்றாடிகளை எடுத்துவிட்டுப் பெரியவை வைக்கும் பேச்சு நடக்கிறதல்லவா? அந்த நிலத்துக்காரர்களுக்கு என்ன தருகிறார்கள், குத்தகையா, விலைக்கு வாங்குகிறார்களா என்று உன் தம்பியிடம் விசாரித்து எழுது. கோபுரத்துக்கு வாடகை கேட்கிற எங்கள் விவசாயிகளுக்கு அது உதவும்.

பேத்திக்கு கொலுசு சொல்லியிருக்கிறேன். சலங்கை வைத்ததா, வைக்காததா என்று உன் மருமகளைக் கேட்டுச் சொல். கால் அளவும் வேண்டும்.

அன்புடன்,
செல்வி