கோப்பை கொடுத்தாயிற்று, விளக்கம் எங்கே?

அமெரிக்காவில் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில், டேடோனா பந்தயத் திடலில், கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட்டின் குடும்பத்தாரிடம் ஒரு கோப்பையைக் கொடுத்தீர்கள். அந்தக் கோப்பைக்குரிய பந்தயத்தை அவர் ஜெயித்தது 1963 டிசம்பர் 1. இறந்தது 1990.

அந்த டிசம்பர் நாளில் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அரை மைல் மண் தடம், 200 சுற்றுப் பந்தயம். ஸ்காட் எல்லாரையும் முந்திவிட்டார். ஆனால் வெற்றிக் கொடி அசைந்தது பக் பேக்கர் என்ற வெள்ளைக்கார ஓட்டுநருக்கு. கோப்பையும் அவர் கையில். ஸ்காட் ஆட்சேபித்ததும் சுற்றுக் கணக்கு ஏடுகளைத் திரும்பப் பார்த்தார்கள். அவர் 202 சுற்று ஓட்டியிருந்தார். கூட்டம் கலைந்த பிறகுதான் 'நீதான் ஜெயித்தாய்' என்றார்கள்.

கணக்குப் பிழை என்றீர்கள். சரி, அந்தக் காலத்தில் சுற்றுகளைக் கையால்தான் குறித்தார்கள், பிழை வரும். ஆனால் இரண்டு சுற்று முன்னால் போனவரையா தவறவிடுவது? வெற்றி மேடையில் முத்தம் கொடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்பாள். கறுப்பர் அங்கே ஏறக்கூடாது என்றுதான் மறைத்தார்கள் என்பது ஸ்காட்டின் எண்ணம். எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது.

அந்த ஒரு மாலையை மட்டும் பேசுவதும் அவருக்கு நியாயமில்லை. வர்ஜீனியாவின் டேன்வில்லில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக், அப்புறம் கள்ளச்சாராயம் கடத்தியவர். 1952-இல் கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பின ஓட்டுநரைத் தேடிய பந்தய அமைப்பாளர்கள் போலீஸிடமே விசாரித்தார்களாம். போலீஸ் காட்டியது துரத்திப் பிடிக்க முடியாத இவரைத்தான்! அடுத்த இருபது வருஷமும் பெரிய ஸ்பான்சர் கிடையாது. பழைய கார்களை வாங்கி, தானே பிரித்து மாட்டி, மகன்களையே பிட் ஆட்களாக (பந்தயத்தின் நடுவே டயர் மாற்றி, எரிபொருள் நிரப்புபவர்களாக) வைத்து ஓட்டினார். உங்கள் முதன்மைத் தொடரில் 495 பந்தயம், 147 முறை முதல் பத்துக்குள். 1966-இல் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். அந்தக் காசுக்கு அது எனக்கு ஜாக்சன்வில்லைவிடப் பெரிய சாதனை. 1973-இல் டாலடேகா பந்தயத்தில் நடந்த விபத்து அவர் ஓட்டத்தைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது.

2015-இல் உங்கள் புகழ் மண்டபத்தில் சேர்த்தீர்கள், மகிழ்ச்சி. எங்கள் கேட்பு சின்னது. அன்றைய சுற்றுக் குறிப்பேடுகள் உங்களிடம் மிஞ்சியிருந்தால் வெளியிடுங்கள். யார் எண்ணினார், கொடியசைக்கச் சொன்னது யார், திருத்தம் எப்போது எழுதப்பட்டது என்பதை அந்தப் பந்தயத்தின் பதிவிலேயே சேருங்கள். ஏடு எதுவும் மிஞ்சவில்லை என்றால் அதையும் அங்கேயே எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பந்தய ரசிகன்