காட்பாடி ஸ்டேஷன் வாசல் பூக்கார அக்காவுக்கு

கத்திரி வெயில் மதியம். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் பஸ் ஏறும் நெரிசலில் யாரோ இடிக்க, கையிலிருந்த ஸ்நேக் பிளாண்ட் தொட்டி விழுந்து நொறுங்கிப் போச்சு. மண்ணெல்லாம் சிதறி, வேர் வெளியே.

நீங்கதான் அக்கா, கூப்பிடாமலே எழுந்து வந்தீங்க. பூக்கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கில் ஒரு துண்டு கிழிச்சு வேரைச் சுத்தி, வாழைநாரால் கட்டினீங்க. நார் நுனியைப் பல்லால கடிச்சு அறுத்தது கண்ணுலேயே நிக்குது. ஒடிஞ்ச இலையையும் விடலை. "ஒடிஞ்ச இடம் காயட்டும் கண்ணு, அப்புறம் மணல்ல சொருகு"ன்னு தனியா கொடுத்தீங்க. காசு நீட்டினேன், வாங்கலை.

சத்துவாச்சாரி வீட்டு ஜன்னலோரம் தாய்ச்செடி செழிப்பா இருக்கு. இலையைத் துண்டு போட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி மணலில் சொருகினேன். வேர் விட்டு, பக்கத்துல குருத்தும் வந்துடுச்சு! தாய்க்கு மஞ்சள் விளிம்பு, குட்டி முழுப் பச்சை. இலைத்துண்டுல வளர்த்தா அந்த மஞ்சள் வராது. அடிக்கிழங்கைப் பிரிச்சு வெச்சாதான் வரும். எனக்கென்னவோ இந்தப் பச்சைதான் அழகு.

திரும்ப வந்து தேடினேன், உங்க இடத்துல வேற ஆள். அந்தக் குட்டியை உங்களுக்குன்னு தனித் தொட்டியில வெச்சிருக்கேன். ரொம்ப நன்றி அக்கா. காட்பாடிக்காரங்க யாராவது அவங்களைப் பார்த்தா, தயவுசெஞ்சு சொல்லுங்க.