செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, உதகை காந்தல் பகுதிப் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், நம் கால்பந்து, கபடிப் பயிற்சிகளால் பிள்ளைகளிடம் உண்டான மாற்றத்தை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் பகுதியில் பல வீடுகளில் தாயும் தந்தையும் விடியுமுன்னே கேரட் தோட்டத்துக்கோ விடுதி வேலைக்கோ கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அந்த ஒற்றை அறையில் துணைக்கு ஆள் இல்லை. போதைப் பொருளும் வீண் சண்டையும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் உள்ளே நுழைகின்றன என்பதைக் கண்கூடாகப் பார்த்தே இச்சங்கத்தைத் தொடங்கினோம். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் நன்கு வியர்க்க உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், சரிவில் அடுக்கடுக்காக வீடு கட்டி வாழும் நமக்கு, அதற்கான சமதரை கிடைப்பதே அரிது.

அந்தச் சமதரையும் மே மாதச் சுற்றுலாப் பயணிகளின் நெரிசலில் வாகன நிறுத்தமாகிவிட்டது. சீசன் முடிந்தபோது பேருந்துச் சக்கரங்கள் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தன. பிள்ளைகளே கூடையில் மண் சுமந்து வந்து அவற்றை நிரவினார்கள். வரும் ஆண்டில் வேறிடம் ஒதுக்கக் கோரி மனு அளித்திருக்கிறோம்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. பயிற்சியாளர் அதற்கு உடன்படவில்லை. தினமும் மாலை நான்கரை மணிக்குக் குடையுடன் மைதானத்தின் ஓரத்தில் நின்று, வந்தவர்களின் பெயரை நோட்டில் எழுதினார். இரண்டு நாள் தொடர்ந்து பெயர் விடுபட்டால் மூன்றாம் நாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். அப்படிப் போனபோதுதான், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளியை விட்டுவிட்டு ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. பெற்றோரிடம் நான்கு முறை பேசிய பிறகு அவன் பள்ளிக்கும் மைதானத்துக்கும் திரும்பினான். விளையாட்டு பிள்ளைகளைத் திருத்துகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். பந்தைக் காட்டிலும், ஒரு பெரியவர் தினமும் தவறாமல் வந்து நின்று தங்களைத் தேடுகிறார் என்ற எண்ணமே அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது என்பதே இந்த ஆண்டில் நான் கண்டறிந்தது.

ஒரே ஜோடி பூட்ஸ் வைத்திருந்த அண்ணனும் தம்பியும் முதல் பாதியில் ஒருவர், இரண்டாம் பாதியில் ஒருவர் என்று ஆடியதை உறுப்பினர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். நனைந்த பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து, இரவு முழுவதும் அடுப்போரம் வைத்து அவர்களின் தாயார் உலர்த்தித் தருவார். நன்கொடையாளர் ஒருவரின் உதவியால் தம்பிக்கும் இப்போது தனி பூட்ஸ் கிடைத்துவிட்டது.

கென்யத் தலைநகர் நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987 முதல் இயங்கும் இளைஞர் விளையாட்டு அமைப்பு, தெருவைத் துப்புரவு செய்யும் அணிகளுக்கு லீக் பட்டியலில் புள்ளி வழங்குகிறது. அதைப் பின்பற்றி நம் உள்ளூர் லீக்கிலும் ஓடையோரக் குப்பையை அகற்றிய அணிகளுக்குப் புள்ளி தந்தோம். ஆட்டத்தில் பின்தங்கிய அணி இதனாலேயே ஒருபடி மேலேறியது.

பெண் பிள்ளைகளின் கபடிக்கு முதலில் வரவேற்பு இல்லை. சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய செய்தி வந்த பிறகே வீடுகளில் பேச்சு மாறியது. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற தாய்மார்களின் கவலை நியாயமானது என்பதால் பயிற்சியைச் சனி, ஞாயிறு காலைக்கு மாற்றினோம். உறைபனிக் காலத்தில்கூட வருகை குறையவில்லை.

பதினாறு வயதைத் தாண்டிய பையன்களைத் தக்கவைக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். சீசன் கூலி அவர்களை இழுத்துக்கொள்கிறது. அவர்களில் இருவரைச் சிறுவர்களுக்கான உதவிப் பயிற்சியாளர்களாக அமர்த்தி, மாத ஊக்கத்தொகை வழங்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்