லின்ரலோடு நின்ற வீடு

கிளிநொச்சி

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற கிழமையே கிடைத்தது. சீமெந்து பட்டுக் கை வெடித்திருந்ததால் பேனை பிடிக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இந்த வேலை ஏன் என்று வீட்டில் கேட்பதையே நீயும் கேட்பாய். ஆகவே விபரமாக எழுதுகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிராமத்தில், கணவனை இழந்த ஒரு தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் தகரக் கொட்டிலில் இருக்க, அதே காணியில் லின்ரல் மட்டத்தோடு, அதாவது கதவு யன்னலுக்கு மேலே வரும் கொங்கிறீற்று வளையின் உயரத்தோடு, நின்றுபோன அவர்களுடைய வீடு பற்றை பிடித்துக் கிடந்தது. அதை முடித்துக் கொடுப்பதற்காக என் பழைய மாணவர்கள் சிலரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறோம்.

இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் உனக்கு நினைவிருக்கும். 2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிகளே கட்டிக்கொள்ளும் முறையில், குடும்பம் ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், வேலை ஏற ஏறக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. இந்தத் தாய்க்குக் கிடைத்தது வேறோர் உதவி. முறை மட்டும் அதுதான். அந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். வாசல் எந்தத் திசை, அறை எந்தப் பக்கம் என்பதை வீட்டுக்காரரே தீர்மானிப்பது நல்லதுதான். (2016இல் 65,000 இரும்பு வீடுகள் தருவதாகப் பேசிய இலங்கை அரசாங்கத்தார் சித்திரை வெயிலில் ஒரு பகல் இங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்.) ஆனால் அத்திவாரம் வெட்டவும் மணல் சுமக்கவும் மேசனுக்குக் கையாளாக நிற்கவும் வீட்டில் ஆள் உண்டு என்ற நினைப்பில்தான் கணக்குப் போடப்படுகிறது. ஆள் இல்லாத வீட்டில் ஒவ்வொன்றுக்கும் கூலி. அடுத்த கட்டப் பணம் வருவதற்கு முதலே கைப்பணம் தீர்ந்து, தோடும் அடைவுக்குப் போய், வேலை நின்றுவிட்டது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் எங்களைப் போன்றவர்கள் தேவை. முதல் ஞாயிறு இது எங்களுக்கு விளங்கவில்லை. உற்சாகத்தில் நாங்களே சுவர் வைத்தோம். மறுநாள் மேசன் வந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மேல்வரிக் கல்லோடு பிடித்த நூல் கீழே சுவரை விட்டு இரண்டு விரற்கடை விலகி நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் மேல் மூன்று வரியையும் கழற்றி நிலத்தில் அடுக்கினார். அன்றிலிருந்து அவருக்கு நாங்கள் கூலி கொடுக்கிறோம். சுமப்பதும் குழைப்பதும் மட்டுமே எங்கள் வேலை.

அந்தச் சுவர் குசினிச் சுவர். விறகுப் புகை அறைக்குள் வரும் என்பதால் குசினி தனியாக வேண்டும் என்று அந்தத் தாய் முதல் நாளே சொன்னார். வரைபடத்தில் உள்ளேதானே இருக்கிறது என்று வாதாடியவன் நான். ஒரு நாள் அந்தக் கொட்டிலில் இருந்து தேநீர் குடித்தபின் வாயை மூடிக்கொண்டேன். குசினிக்கு, மண்ணோடு சிறிது சீமெந்து சேர்த்து இயந்திரத்தில் அழுத்திய கல்லைப் பாவிக்கிறோம். சூளை வேண்டியதில்லை, விறகும் மிச்சம். ஆனால் கல் இறுகும்வரை ஈரம் காயவிடக் கூடாது. சின்னவள் பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்தபின்னும், ஆணியால் அடியில் துளையிட்ட பால்மா ரின்னில் தண்ணீர் மொண்டு, சாக்குப் போட்டு மூடிய கல்லெல்லாம் நனைக்கிறாள். ஒரு கல்லைத் தவறவிட்டாலும் தமக்கை திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

ஐப்பசி மழைக்கு முன் ஓடு போட்டாக வேண்டும். கூரைக்குப் பனஞ்சிலாகை கிடைத்துவிட்டது, உச்சியில் போடும் முகட்டு வளைதான் இன்னும் இல்லை. ஆவணியில் நீ வருவதானால் உன் அப்பாவின் பித்தளைத் தூக்குக்குண்டைக் கொண்டுவா. மேசன் தன்னுடையதை எங்களை நம்பி விட்டுப் போவதில்லை. எங்களிடம் இருப்பது நூலில் கட்டிய ஓர் இரும்பு நட்டு.

உன் அன்பு நண்பன்